அரை முறம்

கோப்பில் அதன் பெயர்: வந்தேறி.
"வந்தேறி அந்துப்பூச்சி, எண்ணூர் கழிமுகம்,
அலையாத்தி மரங்கள், இலையிழப்பு எழுபது விழுக்காடு."
அந்த எழுபதை எழுதியவன் நான்,
படகில் மல்லாந்து, ஒரு கண்ணை மூடி,
கிளைகளுக்கு நடுவே எவ்வளவு வானம் ஒழுகுகிறது
என்று பார்த்து.
அப்படித்தான் அளக்கிறோம்.
தினக்கூலி எழுநூறு. டீசல் தனி.

எத்திராஜ் எஞ்சினை அணைத்தால் கேட்கும்
பட்டப்பகல் வெயிலில் தூறல்.
மழையில்லை.
புழுக்கள் தின்று கழிப்பது
மணிமணியாய்த் தண்ணீரில் விழுகிறது.
கீழே மடவைக் குஞ்சுகள் வாய் பிளந்து நிற்கும்.
"ரேசன் போட்டுக்கினு கீது பாரு" என்பான்.

மருந்தடிக்க ஒரு தாள் தயாராக இருந்தது,
கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டு.
இடுப்பளவு சேற்றில் இறால் தடவிக்கொண்டிருந்த செஞ்சம்மா
பல்லில் கடித்திருந்த பறியை இறக்கிக் கேட்டாள்:
"புழுவுக்கு வெச்சதுன்னு
எறாலுக்கு யார் போய் சொல்றது?"
ரேஞ்சர் ஏஞ்சலின் பதில் சொல்லவில்லை.
தாளை நாலாய் மடித்து
மிதவைச் சட்டைப் பையில் செருகினார்.
"பதினஞ்சு நாள். எண்ணிக்கிட்டே இரு."

எண்ணினேன்.
ஒரு பல்பு, ஒரு புனல், சோப்புத் தண்ணீர் வாளி.
முதல் இரவு நான்கு பூச்சி.
மறு இரவு ஏழு; அதில் இரண்டு வேறு சாதி.
அக்கரையில் நிலக்கரி இறங்கும் மேடையில்
விடிய விடிய நூறு விளக்கு.
அதற்கு முன்னால் என் பொறி
பாதி அணைந்த பீடி.

எட்டாம் நாள் காலை அந்த கேட்டுக்கே போனேன்.
காவலாளி ஜோகேந்திர நாயக்
கம்பத்தடியைப் பெருக்கிக்கொண்டிருந்தார்:
பழுப்புச் சிறகும் ஆரஞ்சுத் தீற்றலும்
தூளும் துடிப்புமாய் ஒரு குவியல்.
"நேத்து ரெண்டு முறம். முந்தாநேத்து மூணு.
எங்க ஊர் ஆத்துலயும் இந்த மரம் இருக்கு."
இரண்டாவதை நான் கேட்கவேயில்லை.
செய்தித்தாள் விரித்துப் பத்துப் பத்தாய்
இருவரும் ஒரு முறத்தை எண்ணி முடித்தோம்:
ஆயிரத்து நூற்றிருபது.
அன்றிலிருந்து வனத்துறைக்கு அதுவே அலகு.

என் படிவத்தின் முதல் சொல்லில் விரல் வைத்து
என்ன அர்த்தம் என்றார்.
சொன்னேன்.
சிரித்துவிட்டு முறத்தைத் தட்டிக் கவிழ்த்தார்.

சேற்றில் நாற்பது மூங்கில் கழி நட்டோம், உச்சியில் குறுக்குச் சட்டம் வைத்து.
கரிச்சான்கள் வந்து உட்கார்ந்தன,
கணக்கு வைக்காமல் தின்றன.
ஒன்றரை. ஒன்று. மறுபடி ஒன்றரை
(அன்றிரவு என் வயிறு சரியில்லை).
பதினைந்தாம் நாள் முக்கால்.
பதினெட்டாம் நாள், மொட்டைக் கிளையின் கணுவில்
நொய்யரிசி அளவு பச்சை.
ரேஞ்சர் தாளை எடுத்துப் பிரித்தார்.
உப்புத்தண்ணீர் எழுத்தையெல்லாம்
தின்றிருந்தது.

குழாய்ப் பக்கம் ஒரு வரிசை மட்டும் துளிர்க்கவில்லை.
முப்பத்தொரு மரம்.
எத்திராஜ் துடுப்பால் கிளறினான்:
ஒரு சாண் சாம்பலுக்கு அடியில்
மூச்சுவேர்கள், விரல்விரலாய்,
மேலே வர வழி தெரியாமல்.
'பூச்சியால் இறந்த மரங்கள்' என்ற கட்டத்தில்
சுழியம் போட்டேன்.
மற்றதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்.
ஸ்கேனில் ஓரம் விழவில்லை.

ஒப்பந்தம் முடிந்தது.
இப்போது மாதவரத்தில் கொசுப்புழு எண்ணுகிறேன்,
அதே எழுநூறுக்கு.
சில காலைகளில் போன் ஒருமுறை அதிரும்.
படமில்லை, வணக்கமில்லை,
தமிழ் எழுத்தில் தப்பும் தவறுமாய்:
"இன்னிகி அர."

யாரும் கேட்காத அந்த அரையை
கொசுக் கணக்கின் பின்பக்கம்
தேதி போட்டு எழுதி வைக்கிறேன்,
ஓரத்தில் அல்ல, நட்டநடுவில்.